துடிப்பை நிறுத்திய வரி

அலுவலகத்தில் அவளை டிக்டிக் என்று கூப்பிட்டார்கள். வயதில் சின்னவர்கள் டிக்டிக் அக்கா என்றார்கள். அந்தப் பெயரை முதலில் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். மருத்துவக் கருவிகள் செய்யும் அந்த நிறுவனத்தில் பதினாறு வருடமாக, சிப்புக்குள் ஓடும் கடிகாரங்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

கடிகாரம் என்றதும் மணி பார்க்கும் கடிகாரத்தை நினைக்க வேண்டாம். நகக்கண் அளவு சிப் ஒன்றுக்குள் திரைக்கு ஒரு பகுதி, ஒலிக்கு ஒரு பகுதி, நினைவகத்துக்கு ஒரு பகுதி என்று எண்பது தொண்ணூறு பகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு லட்சக்கணக்கான முறை அடிக்கிற ஒரு மின்துடிப்பு போய்ச் சேர வேண்டும். துடிப்பு வந்தால் அந்தப் பகுதி வேலை செய்யும். நின்றால் இருந்த இடத்திலேயே உறைந்துவிடும். கெட்டுப்போனதாகக்கூட வெளியே தெரியாது. அதற்காக எல்லாத் துடிப்பையும் எந்நேரமும் ஓடவிட்டால் பேட்டரி கரைந்துபோகும். ஆகவே தேவைப்படும்போது ஏற்றி, தேவை தீர்ந்ததும் அணைக்க வேண்டும். அதற்கான நிரலை எழுதுவதுதான் அவள் பிழைப்பு.

அணைப்பது அவளுக்குப் பிறவிக்குணம் என்று கணவர் சொல்வார். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவர்கள் வீடு. பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள். வீட்டில் ஆளில்லாத அறையில் ஒரு விளக்கு எரியக் கூடாது, ஒரு மின்விசிறி சுற்றக் கூடாது. "ஆளில்லாத ரூம்னா பரவாயில்லை, நான் உள்ளே குளிச்சிட்டு இருக்கும்போதே லைட்டை அணைச்சிட்டுப் போயிடறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் புகார் சொல்வார். அவளும் சத்தமாகச் சிரிப்பாள். அவள் சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

நுரையீரல் பழுதானவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் மூச்சுக் கருவி ஒன்றை அந்த நிறுவனம் செய்தது. கட்டிலருகே வைக்கிற பெட்டி; அதிலிருந்து ஒரு குழாய், முகத்தில் ஒரு மூடி. மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடும். குழாய் கழன்றால் அலாரம் அலறும். பேட்டரி ஐந்து மணி நேரமாவது நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. நின்றதோ நான்கு மணி நேரம். எங்கிருந்தாவது இன்னும் கொஞ்ச நேரத்தைப் பிடித்துக்கொண்டு வா என்று எல்லோரும் அவள் தலையில் கட்டினார்கள்.

அவள் தேடிப் பார்த்தாள். பேட்டரியில் ஓடும்போது பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை தானாக இருண்டுவிடும். ஆனால் திரைக்குப் பின்னால் வெளிச்சம் தருகிற பகுதிக்குத் துடிப்பு மட்டும் சும்மா போய்க்கொண்டே இருந்தது. திரையே இருண்டபிறகு அதற்கு எதற்குத் துடிப்பு? அது கிளம்புகிற இடத்திலேயே நிறுத்த ஒரு வரி எழுதினாள். கூடவே வேறு சில இடங்களிலும் பிடித்து இறுக்கினாள். பேட்டரி ஐந்து மணி நேரத்தைத் தாண்டியது. அன்று மாலை பிரிவில் இருந்த அத்தனை பேருக்கும் மேலாளர் டீயும் பலகாரமும் வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு வருடம் கழித்து ஓர் இறப்புச் செய்தி வந்தது.

தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்று. மனைவி வீட்டிலேயே துணி தைப்பவர். நல்ல மதியம், மின்சாரம் போயிருந்தது, கருவி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. தூக்கத்தில் புரண்டபோது குழாய் கழன்றிருக்கிறது. அடுத்த அறையில் தைத்துக்கொண்டிருந்த மனைவி எழுந்து வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நிறுவனத்திலிருந்து விசாரணைக் குழு போய்க் கருவியை எடுத்து வந்தது. மின்சாரத்தில் செருகி, ஓடவிட்டு, குழாயைப் பிடுங்கினார்கள். அலாரம் ஊரைக் கூட்டியது. கருவியின் பதிவேட்டைத் திறந்து பார்த்தார்கள். குழாய் கழன்ற நிமிடத்தில் "அலாரம் ஒலிக்கிறது" என்று அதில் சுத்தமாகப் பதிவாகியிருந்தது. அறிக்கை எழுதினார்கள்: கருவியில் குறையில்லை. அலாரம் ஒலித்திருக்கிறது. பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடிய சத்தத்தில் கேட்காமல் போயிருக்கலாம்.

அந்த அறிக்கை எல்லோருக்கும் வந்தது போல அவளுக்கும் வந்தது. படித்தாள். "ஐயோ பாவம்" என்றாள். பிறகு சாப்பிடப் போனாள். பின்னாளில் அவளை மிகவும் வதைத்தது எது என்று கணவர் ஒருமுறை கேட்டபோது, அந்த வரியை எழுதியதைச் சொல்லவில்லை. படித்துவிட்டுச் சாப்பிடப் போனதைச் சொன்னாள்.

ஏழு மாதம் போனது. அதே சிப்பை வைத்துப் புதிய கருவி ஒன்று தயாரானது. அதைச் சோதிக்கிறவருக்குப் பல்லி என்று பட்டப்பெயர். சோதனை மேசையில் ஒட்டிக்கொண்டால் ஆள் நகரவே மாட்டார். ஒரு காலை அவர் அவளிடம் வந்து, "அக்கா, இந்த பீப் சத்தம் கொஞ்சம் இழுத்த மாதிரி வருது. ஒலிப் பகுதிக்கு க்ளாக் எங்கேருந்து வருதுன்னு பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார்.

அவள் சிப்பின் கையேட்டைத் திறந்தாள். ஆயிரத்து எழுநூறு பக்கம். உபயோகித்த தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் படம் போடுவது அவள் பழக்கம். மேலே ஊற்று; அதிலிருந்து பிரிகிற கிளைகள்; கிளையிலிருந்து சின்னக் கிளைகள். ஒலிப் பகுதிக்கான கோட்டை மேல்நோக்கி இழுத்துக்கொண்டே போனாள். அது ஒரு கிளையில் போய் முட்டியது. அந்தக் கிளையிலிருந்து ஏற்கெனவே இன்னொரு கோடு கீழே இறங்கியிருந்தது: திரைவெளிச்சம்.

தவறாக வரைந்துவிட்டோம் என்று அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அப்படியேதான் வந்தது.

எழுந்து போய்க் கிடங்கிலிருந்து பழைய மூச்சுக் கருவி ஒன்றைத் தூக்கி வந்தாள். மேசைமேல் வைத்து ஓடவிட்டாள். மின்செருகியைப் பிடுங்கினாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"பத்து நிமிஷம் சும்மா இரு. அதைத் தொடாதே."

இருவரும் நின்றுகொண்டே காத்திருந்தார்கள். சுற்றிலும் ஆட்கள் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். பத்தாவது நிமிடத்தில் திரை இருண்டது. அவள் குழாயைப் பிடுங்கினாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

பல்லி குனிந்து ஒலிபெருக்கியில் காதை வைத்தார். "வால்யூம் குறைச்சு வச்சிருக்கா?"

"பதிவைப் பாரு."

அவர் மடிக்கணினியில் பார்த்தார். "அலாரம் ஒலிக்கிறதுன்னுதான் போட்டிருக்கு." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. அவள் கையை நீட்டித் திரையை ஒரு விரலால் தொட்டாள். வெளிச்சம் வந்தது, அந்த நொடியே அலாரம் வீறிட்டது. அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நிரல் அலாரத்தை ஒலிக்கச் சொல்லியிருந்தது. சொன்னதைப் பதிவும் செய்திருந்தது. ஒலிக்க வேண்டிய பகுதிக்குத் துடிப்பில்லை. அலாரம் வந்தால் திரையும் விழிக்க வேண்டும் என்று யாரும் எழுதியிருக்கவில்லை. சத்தம்தான் இருக்கிறதே என்று விட்டிருந்தார்கள். அலாரச் சோதனை எப்போதுமே மின்சாரத்தில், திரை எரியும்போதுதான் நடந்தது. ஒலிப் பகுதியின் நிரலை எழுதியவர், துடிப்பு எப்போதும் வருவதைப் பார்த்து, அது வந்துகொண்டேதான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். அவள் அந்தக் கிளை திரைவெளிச்சத்துக்கு மட்டுமானது என்று நினைத்து அணைத்தாள். அவர் எழுதியது அவளுக்குத் தெரியாது. அவள் எழுதியது அவருக்குத் தெரியாது.

நேராக மேலாளர் அறைக்குப் போனாள். அவர் கேட்டு முடித்துவிட்டு, எழுந்து கதவைச் சாத்தினார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. பல்லிக்கு. இப்ப உங்களுக்கு."

"நம்ம வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம்..."

"சார், இந்த மெஷின் இன்னைக்கு எத்தனை வீட்ல ஓடிட்டு இருக்கு?"

"ரெண்டாயிரத்துச் சொச்சம்."

"அதுல ஒரு வீட்ல இப்ப கரண்ட் போச்சுன்னா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ரொம்ப நேரம் வைக்கவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டு தொலைபேசியை எடுத்தார். அன்று மாலைக்குள் எல்லா மருத்துவமனைகளுக்கும் எல்லா வீடுகளுக்கும் தகவல் போனது: திரை இருளாதபடி மாற்றி வையுங்கள், பேட்டரியில் ஓடும்போது ஆள் பக்கத்திலேயே இருங்கள். மூன்றாம் நாள் திருத்திய நிரல் போனது. திருத்தம் என்றால் வேறொன்றுமில்லை. அவள் அந்த ஒரு வரியை எடுத்தாள். எடுக்க ஐந்து நொடிகூட ஆகவில்லை. உட்கார்ந்தபடியே அழுதாள்.

அரசு விசாரணை அறிவிக்கப்பட்டது. அந்தத் தையற்காரம்மாவுக்கு வக்கீல்கள் மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் அனுப்பினார்கள். "முந்தைய முடிவு மறுபரிசீலனையில் உள்ளது" என்று அதில் இருந்தது. அவள் அதன் நகலைப் படித்துவிட்டு மேலாளரிடம் போனாள்.

"இதைப் படிச்சா அந்தம்மாவுக்கு ஒண்ணும் புரியாது சார். அலாரம் அடிச்சுது, தனக்குத்தான் காது கேக்கலைன்னு அவங்க இன்னும் நினைச்சிட்டு இருப்பாங்க."

"நீங்க அங்கே போகக் கூடாதுன்னு வக்கீல் கண்டிப்பா சொல்லியிருக்கார்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் ஒரு துண்டுத்தாளை எடுத்து முகவரியை எழுதி அவள் பக்கம் தள்ளினார். "நான் ஒண்ணும் சொல்லலை. ஞாயித்துக்கிழமை நீங்க எங்கே போறீங்க வர்றீங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

கணவர் வண்டியில் கூட்டிப்போனார். தெருமுனையில் நிறுத்தி, "நானும் வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றாள். "இங்கேயே இருக்கேன். எவ்வளவு நேரமானாலும் இருக்கேன்" என்றார்.

கீழ்த்தளத்தில் இரண்டு அறை. கதவைத் திறந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் ஓர் அளவுநாடா தொங்கியிருக்க வேண்டிய ஆள் என்று பார்த்ததும் தோன்றியது, ஆனால் தொங்கவில்லை. முன்னறையில் தையல் மெஷின்மேல் போர்வை போர்த்தி, அதன்மேல் செய்தித்தாள்கள் அடுக்கியிருந்தது.

"அந்த மூச்சு மெஷின் கம்பெனியிலேருந்து வரேம்மா."

"லெட்டர் வந்துச்சு. பக்கத்து வீட்டுப் பையன் படிச்சுக் காட்டினான். அவனுக்கும் புரியலை. உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "அம்மா, அன்னைக்கு அலாரம் அடிக்கலை" என்றாள்.

அந்த அம்மாள் அவளையே பார்த்தார்.

"மெஷின்ல கோளாறு. திரை இருட்டானதும் சத்தம் வர்ற இடத்துக்குப் போற க்ளாக் நின்னுடும். அப்படி நிக்கற மாதிரி எழுதினது நான். நாங்க சோதிச்சுப் பார்த்துட்டோம். உங்க தையல் மெஷின் சத்தம் காரணமில்லை. அது அடிக்கவே இல்லை."

"அடிக்கவே இல்லையா?"

"இல்லைம்மா."

"ஒரு தடவைகூட?"

"இல்லை."

அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் சொன்னேனே" என்றார். யாரிடமோ சொல்வது போல இருந்தது. "நான் உள்ளே போறப்போ சத்தமே இல்லை. அவரைத் தூக்கி உக்கார வைக்கப் பார்த்தேன், கை அந்தப் பெட்டியில பட்டுச்சு, அப்பதான் அலறுச்சு. விசாரிக்க வந்தவங்ககிட்ட இதைத்தான் சொன்னேன். 'பதட்டத்துல உங்களுக்குத் தெரியலைம்மா, முன்னாடியே அடிச்சிட்டுதான் இருந்திருக்கும், மெஷின்லயே பதிவாகியிருக்கு'ன்னாங்க. படிச்சவங்க சொல்றாங்களேன்னு நானும் அப்படித்தான் போலிருக்குன்னு இருந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "பத்துத் தையலுக்கு ஒரு தடவை மெஷினை நிறுத்திட்டுக் காது கொடுப்பேன் தெரியுமா? மெஷின் வந்ததுலேருந்து அப்படித்தான் தைச்சேன். ஒரு ரவிக்கைக்கு ரெண்டு நாளாகும். அன்னைக்கும் நிறுத்தி நிறுத்தித்தான் தைச்சேன். அப்புறம், ஒருவேளை ஒரு தடவை நிறுத்த மறந்துட்டேனோன்னு..."

அவள் தலை குனிந்து நின்றாள். மன்னித்துவிடுங்கள் என்றாள். சொன்னபோது அந்த வார்த்தை அவளுக்கே எடையில்லாததாகத் தெரிந்தது.

அந்த அம்மாளின் முகம் மாறியது. "ஏழு மாசம்" என்றார். "ஏழு மாசமா என் புருஷனை நானே கொன்னுட்டேன்னு இருக்கேன். என் பொண்ணு என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்லை. இப்ப வந்து சொல்றீங்க." குரல் உயரவில்லை. "போயிடுங்க."

அவள் வாசலைத் தாண்டியதும் பின்னாலிருந்து கேட்டார். "உங்க பேரென்ன?"

சொன்னாள். அந்த அம்மாள் அந்தப் பெயரை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

அதன்பிறகு இருவரும் ஒரே ஒரு தடவைதான் பார்த்துக்கொண்டார்கள். அரசு விசாரணை நடந்த அலுவலகத்தின் நடையில், எதிரெதிர் பெஞ்சில். நடந்ததை அவள் உள்ளே போய் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டு வந்திருந்தாள். தையற்காரம்மாவுக்குப் பக்கத்தில் மகள் இருந்தாள். தாயின் கையைப் பிடித்திருந்தாள். கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போகிற வழியில் அந்த அம்மாள் ஒரு நொடி நின்று, "மறுபடி தைக்க ஆரம்பிச்சிருக்கேன்" என்றார். அது மன்னிப்பா, வெறும் தகவலா என்று டிக்டிக் இன்றுவரை முடிவுகட்டவில்லை.

விசாரணையின் முடிவில் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. பழைய அறிக்கை தவறென்று எழுத்தில் வந்தது. இனிமேல் ஒவ்வொருவரும் கையேட்டை முழுக்கப் படித்துவிட்டுத்தான் துடிப்புகளில் கைவைக்க வேண்டும் என்று உள்ளே ஒரு விதி போட்டார்கள். கூட்டத்தில் அதை வாசித்தபோது அவள் எழுந்தாள்.

"இது உதவாது. நான் கவனமில்லாம எழுதலை. ரொம்பக் கவனமாத்தான் எழுதினேன். ஒருத்தரோட கவனத்தை நம்பி இதை விடக் கூடாது."

புதிய கருவியின் வேலையிலிருந்து தன்னை விடுவிக்கச் சொன்னாள். துடிப்புகளுக்கென்று பொதுவான ஓர் ஏற்பாடு எழுத ஒரு வருடம் கேட்டாள். சம்மதித்தார்கள். வேண்டாம் என்று சொல்ல அப்போது யாருக்கும் தைரியமில்லை என்பதுதான் உண்மை.

ஏற்பாடு சொல்ல எளிது. இனிமேல் எந்தப் பகுதியின் நிரலும் துடிப்பின் பொத்தானில் நேராகக் கைவைக்க முடியாது. வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் ஏற்பாட்டிடம் "எனக்கு வேண்டும்" என்று கேட்க வேண்டும். முடிந்தால் "எனக்குப் போதும்" என்று சொல்ல வேண்டும். எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று அது எண்ணிக்கொண்டிருக்கும். கடைசி ஆளும் போதும் என்றால்தான் துடிப்பு அணையும். கீழே ஒரு சின்னக் கிளைக்குத் தேவை இருக்கும்வரை மேலே உள்ள கிளையும் அணையாது. துடிப்பின் வேகத்தை ஒருவர் மாற்ற நினைத்தால், அதே கிளையில் இருக்கிற அத்தனை பேரிடமும் முதலில் கேட்கும். யாராவது ஒருவர் மாட்டேன் என்றால் மாற்றாது.

சொல்ல எளிதுதான், ஆட்களைச் சம்மதிக்க வைப்பதற்குள் உயிர் போனது. ஒவ்வொரு பகுதியையும் ஓட்டுகிற நிரலுக்கு அவர்கள் தொழிலில் டிரைவர் என்று பெயர். அப்படி நாற்பத்து மூன்று. அத்தனையையும் திருத்த வேண்டும். வீட்டில் ஒருநாள் அவள் தொலைபேசியில், "நாப்பத்து மூணு டிரைவரையும் மாத்தியே ஆகணும், ஒருத்தனையும் விட முடியாது" என்று கத்திக்கொண்டிருந்ததைக் கேட்ட கணவர், போனை வைத்ததும், "எங்க டிப்போ மேனேஜர்கூட ஒரே நாள்ல இத்தனை பேரைத் தூக்கினதில்லையேம்மா" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள். மகள் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

திரைப் பகுதியின் நிரலை எழுதியவர் மூத்தவர், கோபக்காரர். "என் டிரைவர்ல என் க்ளாக்கை அணைக்க எனக்கே உரிமை இல்லையா?" என்று நேரில் வந்து கேட்டார்.

"இல்லை சார். அது உங்க க்ளாக் இல்லை. உங்களுக்கும் வருது, அவ்வளவுதான்."

அவர் இரண்டு வாரம் அவளிடம் பேசவில்லை. மூன்றாவது வாரம் திருத்திய நிரலைத் தாமே அனுப்பினார்.

ஆறாவது மாதம் முதல் வடிவம் தயாரானது. பல்லி பேட்டரியில் ஓடவிட்டுப் பார்த்தார். மூன்று மணி நேரம்கூடத் தாங்கவில்லை. காரணத்தைத் தேடியவர், நிரலைப் படித்துவிட்டு அவளிடம் வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, எல்லாரும் போதும்னு சொன்னதும் அணைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

"எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வருது. ஆனா அணைக்கற வரி அங்கே இல்லையே."

அவள் கையிலிருந்த பென்சிலை மேசைமேல் வைத்தாள்.

"மறந்துட்டீங்களோன்னு நினைச்சேன். நீங்க மறக்கற ஆள் இல்லை."

"எழுத வரலைடா" என்றாள். பல்லிக்கு நாற்பது வயது. அவரை அவள் டா போட்டு அழைத்தது அதுதான் முதல் தடவை. "தினம் அந்த இடத்துக்கு வரேன். கை ஓட மாட்டேங்குது."

பல்லி ஸ்டூலை இன்னும் அருகே இழுத்தார். "பேட்டரி செத்தாலும் அதை மாட்டியிருக்கற ஆள் செத்துடுவார்க்கா" என்றார்.

அதை அவள் அறியாதவளல்ல. ஆனாலும் அந்த வரிக்கு மூன்று வாரம் ஆயிற்று. சும்மா எழுத மனம் ஒப்பவில்லை. கருவி கிளம்பி முடிந்ததும் யாருமே கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கிற துடிப்புகள் எவையெவை என்று, அணைப்பதற்கு முன் பெயர் பெயராக அச்சிட வைத்தாள். பத்தொன்பது வந்தன. பத்தொன்பதையும் கையேட்டில் தேடி, பென்சிலால் கோடு போட்டு, யார் யாருக்குப் போகிறது என்று பார்த்தாள். பதினேழுக்கு உண்மையிலேயே ஆளில்லை. பாக்கி இரண்டில் ஒன்று நினைவகத்துக்குப் போனது. இன்னொன்று மூச்சை உந்தும் விசிறிக்கு. இரண்டுமே யாரிடமும் கேட்காமல் காலங்காலமாக ஓசியில் ஓடிக்கொண்டிருந்தவை. அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்த வரியை முன்பே எழுதியிருந்தால் விசிறி நின்றிருக்கும். அந்த இரண்டையும் முறைப்படி கேட்க வைத்தாள். உயிரோடு சம்பந்தப்பட்டவற்றுக்கு, யார் போதும் என்றாலும் அணையாத ஓர் அடையாளத்தையும் சேர்த்தாள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் அணைக்கும் வரியை எழுதினாள். எழுதிவிட்டுப் பல்லியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொல்லி ஓடவிட்டாள்.

ஐந்தேகால் மணி நேரம் வந்தது. இந்த முறை யாரும் டீ வாங்கவில்லை. அவள்தான் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அந்த வாரம் முழுக்கப் பல்லி, திரை இருண்டும் எரிந்தும், மின்சாரத்திலும் பேட்டரியிலும் என்று மாற்றி மாற்றி, குழாயை நானூறு தடவைக்கு மேல் பிடுங்கினார். பக்கத்து மேசைக்காரர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். இதே சிப்பும் இதுபோன்ற சிப்புகளும் உலகம் முழுக்க எத்தனையோ கருவிகளில் இருக்கின்றன. அந்தந்த இடத்தில் ஆளாளுக்குத் தனித்தனியே இதே வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள் என்பது அவளை உறுத்தியது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று பொதுவில் வளர்கிற ஓர் இயங்குதளத்துக்கு அதை அனுப்பினாள். அங்கே இந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவர் முகம் தெரியாத ஒரு மனிதர். முதல் முறை அனுப்பியதற்கு, "இது உங்கள் கருவிக்கு மட்டும் பொருந்தும்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இரண்டாவது முறை எழுபது குறைகள். சில துடிப்புகள் நிலைபெறக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அவசர வேலையின் நடுவில் அதற்காகக் காத்திருக்க முடியாதே, அதற்கென்ன வழி என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. தயார்செய்வது ஒரு படி, ஏற்றுவது இன்னொரு படி என்று இரண்டாகப் பிரித்து எழுதினாள். இப்படியே பதினொரு தடவை போய்த் திரும்பியது. ஒன்றரை வருடம். பதினோராவது முறை, "சரி. சேர்த்துக்கொள்கிறேன்" என்று வந்தது.

மகள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "அவ்வளவுதானாம்மா? ஒரு பாராட்டுகூட இல்லை?"

"இதுவே அவருக்கு ரொம்ப அதிகம்டி."

இப்போது அந்த ஏற்பாட்டுக்குப் பொறுப்பு அவள்தான். எங்கிருந்தோ யார் யாரோ தங்கள் சிப்புக்கான நிரலை எழுதி அவளுக்கு அனுப்புகிறார்கள். அலுவலக வேலைக்கு நடுவே படித்துப் பதில் போடுகிறாள். குறை சொல்வதில் அந்தப் பழைய மனிதரையே மிஞ்சிவிட்டாள் என்று சிலர் புலம்புவதாகக் கேள்வி. சோதனைக்கு இருக்கிற ஒவ்வொரு வாய்ப்பையும் வரிசையாகக் கேட்பாள். பார்த்தேன் என்று சும்மா சொன்னால் விடமாட்டாள்.

போன வாரம் ஒருவர் அனுப்பியிருந்தார். நாற்றுப் பண்ணைகளில் தண்ணீர் தெளிக்கிற கருவியாம். அதில் ஒரு துடிப்பு வீணாக ஓடுகிறது, அணைத்துவிடலாம் என்று சின்னதாக ஒரு திருத்தம். அவள் படித்தாள். சாப்பாட்டு நேரமாகியிருந்தது, பல்லி வாசலில் நின்று கூப்பிட்டார். நீ போ, வருகிறேன் என்று சைகை காட்டினாள். இந்தக் கிளையில் வேறு யார் தொங்குகிறார்கள் என்று பார்த்தீர்களா, தண்ணீர் மட்டத்தைக் காட்டுகிற பகுதிக்குத் துடிப்பு எங்கிருந்து வருகிறது என்று பதில் எழுதினாள்.

அரைமணி நேரத்தில் மறுபதில் வந்தது. அந்த ஆளுக்குக் கொஞ்சம் எரிச்சல் போலிருக்கிறது. "இது வெறும் செடிக்குத் தண்ணீர் விடுகிற கருவிதானே" என்று எழுதியிருந்தார்.

"தெரியும். இருந்தாலும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்" என்று எழுதி அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனாள்.